காலை ஒரு செம்பு, மாலை ஒரு செம்பு

கேள்வி: சென்னை மடிப்பாக்கத்தில் மூன்றாவது மாடியில் குடியிருக்கிறோம். பொங்கல் முடிந்ததும் மொட்டைமாடியில் ஆசையாகச் செடி வைக்க ஆரம்பித்தேன். ஒட்டு ரோஜா மூன்று, துளசி, குண்டுமல்லி, செம்பருத்தி, கறிவேப்பிலை. ஏப்ரலில் பிள்ளைகளுக்கு லீவு விட்டதும் அவர்களோடு சேர்ந்து குரோ பேக்கில் தக்காளி நாற்று பன்னிரண்டு வைத்தோம். செடிக்கு ஒரு செம்பு கணக்கில் காலையும் மாலையும் தவறாமல் தண்ணீர் ஊற்றுகிறேன். மார்ச்சில் ஒரு வாரம் ஊருக்குப் போனபோது மட்டும்தான் இடைவெளி. ஆர்.ஓ. மெஷினில் வெளியேறும் தண்ணீரையும் வீணாக்காமல் பிடித்து ஊற்றுகிறேன். டீத்தூள், முட்டை ஓடு, காய்கறித் தோல் எல்லாம் செடிக்குத்தான். ஆனாலும் இரண்டு ரோஜா போய்விட்டன. மூன்றாவது பூக்காமல் நெடுநெடுவென்று வளர்கிறது. துளசி பட்டுப்போவது இது மூன்றாவது முறை. தக்காளி பூவோடு உதிர்கிறது. செம்பருத்தியில் வெள்ளைப் பஞ்சு மாதிரி ஒட்டியிருக்கிறது. துளசி பட்டுப்போவது வீட்டுக்கு ஆகாது, உனக்குச் செடிக் கைராசி இல்லை என்கிறார் மாமியார். இனிமேல் செடி வாங்கவே பயமாக இருக்கிறது. போட்டோக்கள் அனுப்பியிருக்கிறேன். எங்கே தப்பு செய்கிறேன்?
ஒரு வாசகி, மடிப்பாக்கம்

அன்புள்ள சகோதரிக்கு,

முதலில் கைராசி விஷயத்தை முடித்துவிடுகிறேன். செடி போனதைவிட அந்தச் சொல்தான் உங்களை அதிகம் வாட்டுகிறது என்று கடிதத்தைப் படிக்கும்போதே தெரிந்தது. தோட்டக்கலைத் துறையில் முப்பது வருடம் வேலை பார்த்தேன். ஓய்வு பெற்ற பிறகும், கூப்பிடுகிற வீடுகளுக்குப் போய்ச் செடி பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். கைராசிக்காரர் என்று தெருவே சொல்லும் ஆட்கள் பலர் எனக்குப் பழக்கம். அவர்கள் எல்லோரிடமும் ஒரு பழக்கத்தைப் பார்த்திருக்கிறேன். செடிப் பக்கம் போனதும் கை தானாக மண்ணுக்குப் போகும். நம்மோடு பேசிக்கொண்டே ஒரு விரலை மண்ணுக்குள் விட்டுப் பார்ப்பார்கள். அதற்கப்புறம்தான் பூவாளியைத் தேடுவார்கள். பல நாள் தேடவே மாட்டார்கள். அந்தப் பழக்கம் ஒரு மாதத்தில் யாருக்கும் வந்துவிடும். உங்களுக்கும் வரும்.

போட்டோக்களைப் பெரிதாக்கி ஒவ்வொன்றாகப் பார்த்தேன். உங்கள் செடி எதுவும் கவனிப்பார் இல்லாமல் போகவில்லை. மண்ணைக் கேட்காமல் கடிகாரத்தைப் பார்த்துத் தண்ணீர் ஊற்றியதில் போயிருக்கின்றன. புதிதாகச் செடி வைப்பவர்கள் வீட்டில் நான் பார்க்கும் சாவுகளில் பெரும்பாலானவை இப்படித்தான் நடக்கின்றன. உங்கள் வீட்டிலோ இதில் ஒரு விசேஷம் இருக்கிறது. ஒரே செம்பால் ஊற்றிய ஒரே தண்ணீரில் ஒரு ரோஜா மூச்சுமுட்டிச் செத்திருக்கிறது, இன்னொரு ரோஜா தாகத்தில் செத்திருக்கிறது.

மூச்சுமுட்டிய ரோஜாவை முதலில் பார்ப்போம். பிப்ரவரியில் எடுத்ததாகச் சொன்ன போட்டோ. இலைகள் தொங்குகின்றன, ஆனால் மேல்மண் கறுத்து ஈரமாக இருக்கிறது, அடித்தட்டில் தண்ணீர் நிற்கிறது. காய்ந்த மண்ணில் இலை தொங்கினால் தாகம். ஈர மண்ணில் இலை தொங்கினால் வேரில் கோளாறு. வேருக்குத் தண்ணீர் வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரியும். காற்றும் வேண்டும் என்பதைத்தான் மறந்துவிடுகிறோம். மண் துகள்களுக்கு இடையில் உள்ள சந்துகளில் தண்ணீர் கொஞ்சம், காற்று கொஞ்சம் இருக்க வேண்டும். அந்தச் சந்துகள் நாள் முழுக்கத் தண்ணீராலேயே நிறைந்திருந்தால் வேர் சுவாசிக்க முடியாமல் சோர்ந்துபோகும். சோர்ந்த வேரில் அழுகல் பூஞ்சணம் ஏறும். அழுகிய வேரால் தண்ணீரை இழுக்க முடியாது. மேலே இலை வாடும். நாம் ஐயோ பாவம் என்று இன்னும் ஒரு செம்பு ஊற்றுவோம். தண்ணீருக்குள் நின்றுகொண்டே செடி தாகத்தில் செத்துப்போகும்.

இதை நான் சொல்லி நீங்கள் நம்ப வேண்டாம். அந்தத் தொட்டி இன்னும் அப்படியே மாடியில் கிடக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். குச்சியாக நிற்கும் அந்தச் செடியைப் பிடுங்கி, அடிவேரைக் கழுவிப் பாருங்கள். நல்ல வேர் வெள்ளையாகவோ வெளிர்மஞ்சளாகவோ இருக்கும், கிள்ளினால் கெட்டியாக இருக்கும். அழுகிச் செத்த வேர் பழுப்பாக இருக்கும். இரண்டு விரலால் பிடித்து மெல்ல உருவினால் மேல்தோல் உறை மாதிரி கழன்று கையோடு வந்துவிடும், உள்ளே நூல் மாதிரி ஓர் இழை மட்டும் மிஞ்சும். பல மாதம் ஆகிவிட்டதால் வாடை போயிருக்கலாம். புதிதாக அழுகிய வேரை முகர்ந்தால் சாக்கடை வாடை அடிக்கும். இதை ஒருமுறை கையால் உருவிப் பார்த்தவர்கள், அதற்குப் பிறகு யோசிக்காமல் ஒரு செம்பு ஊற்றமாட்டார்கள்.

இரண்டாவது ரோஜா வேறு கதை. மார்ச்சில் ஊரிலிருந்து திரும்பியபோது அது வாடியிருந்தது, அன்றிலிருந்து விடாமல் தண்ணீர் ஊற்றியும் தேறவில்லை என்கிறீர்கள். பிடுங்கி வைத்த போட்டோவில் பாருங்கள்: வேரைச் சுற்றிச் செங்கல் மாதிரி ஒரு மண் உருண்டை. நர்சரி ரோஜாக்கள் பல, ஓசூர், பெங்களூரு பக்கத்திலிருந்து லாரியில் வருபவை. வழியில் மண் உதிராமல் இருக்க வேண்டும் என்பதற்காகக் களிமண் கலந்த செம்மண்ணில் இறுக்கி வைத்து அனுப்புவார்கள். அந்த உருண்டை ஒருமுறை நன்றாகக் காய்ந்தால் சுருங்கி, சுற்றியுள்ள மண்ணிலிருந்து விலகிவிடும். பிறகு நீங்கள் ஊற்றும் தண்ணீர், அந்த விரிசல் வழியாக வழுக்கி இறங்கி அடித்துளையில் வெளியேறிவிடும். உருண்டைக்குள் ஒரு சொட்டு போகாது. கீழே தண்ணீர் வழிந்ததைப் பார்த்து நீங்கள் நிம்மதியாகக் கீழே இறங்கியிருப்பீர்கள்.

ஊருக்குப் போய்த் திரும்பி வரும்போது தொட்டி எடை குறைந்து காய்ந்து கிடந்தால், மேலே ஊற்றாதீர்கள். ஒரு வாளியில் தண்ணீர் பிடித்து, தொட்டியோடு அதில் இறக்கி வையுங்கள். குமிழ் குமிழாகக் காற்று வெளியேறும். குமிழ் நின்றதும் எடுத்து, நிழலில் வைத்து வடியவிடுங்கள். தூக்க முடியாத பெரிய தொட்டி என்றால், ஒரு குச்சியால் உருண்டையில் நாலைந்து இடத்தில் துளை போட்டு, கால்மணி நேர இடைவெளியில் மூன்று நான்கு தடவை கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றுங்கள். புது ரோஜா வாங்கினால் வந்த அன்றே மாற்றி நடவும் வேண்டாம். ஒரு வாரம் காலை வெயில் மட்டும் படுகிற இடத்தில் கவரோடு வையுங்கள். நடும்போது கவரைக் கிழித்து, உருண்டையின் வெளிப்புற மண்ணை மட்டும் விரலால் லேசாகத் தளர்த்தி விடுங்கள். மொத்தமாக உடைத்தால் வேர் அறுந்துவிடும்.

அப்படியானால் எப்போதுதான் ஊற்றுவது? ஆள்காட்டி விரலை இரண்டாவது கணு வரை மண்ணுக்குள் விடுங்கள். விரல் நுனியில் மண் ஒட்டிக்கொண்டு குளிர்ச்சியாக இருந்தால் திரும்பிப் போய்விடுங்கள். உலர்ந்து பொலபொலவென்று இருந்தால் ஊற்றுங்கள். ஊற்றும்போது கஞ்சத்தனம் வேண்டாம். அடியில் வடிகிற வரை நிதானமாக ஊற்றி, அப்புறம் மண் மறுபடி உலரும்வரை விட்டுவிடுங்கள். தினம் கொஞ்சம் தெளித்தால் மேலே அரை அங்குலம்தான் நனையும், வேரும் மேலேயே சுற்றிக்கொண்டு வெயிலில் கருகும். மண்தொட்டியாக இருந்தால் இன்னும் சுலபம். பழைய தோட்டக்காரர்கள் விரல் முட்டியால் தொட்டியைத் தட்டிப் பார்ப்பார்கள். உலர்ந்த தொட்டி கணீர் என்று பேசும், ஈரத் தொட்டி மொத்தென்று பேசும். பிளாஸ்டிக் தொட்டியையும் பையையும் லேசாகத் தூக்கிப் பார்த்தாலே போதும், எடையே சொல்லிவிடும்.

இந்தக் கணக்கில் பிப்ரவரிப் பனிக்காலத்தில் உங்கள் ரோஜாவுக்கு இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்றினாலே போதுமாக இருந்திருக்கும். அதே மாடியில் மே மாதம், காய்க்கிற தக்காளிக்குக் காலை மாலை இரண்டு வேளையும் தேவைப்படலாம். ஐப்பசி கார்த்திகை மழையில் வாரக்கணக்கில் ஊற்றவே தேவையிருக்காது. அப்போது உங்கள் வேலை, அடித்துளை அடைத்துக்கொண்டிருக்கிறதா என்று குச்சியால் குத்திப் பார்ப்பது மட்டும். செடியும் தொட்டியும் வானிலையும் மாறமாற அளவு மாறும் என்பதால்தான் எத்தனை செம்பு என்று நான் சொல்லமாட்டேன்.

இதில் இன்னொன்று. மதியம் ஒரு மணிக்கு மாடிக்குப் போய்ப் பார்த்தால் பூசணி, புடலை மாதிரி அகல இலைச் செடிகள் வாடித் தொங்கும். அது பயப்பட வேண்டிய வாட்டம் அல்ல. வேர் இழுக்கிற வேகத்தைவிட இலையிலிருந்து தண்ணீர் ஆவியாகிற வேகம் அந்த நேரத்தில் அதிகம். மண்ணில் ஈரம் இருந்தால் சாயங்காலம் தானாக நிமிர்ந்துவிடும். மாலை ஆறு மணிக்கும் தொங்கினால்தான் கவலைப்பட வேண்டும்.

தொட்டிகளுக்கு அடியில் வைத்த தட்டுகளை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். மொட்டைமாடியில் அதற்கு வேலையே இல்லை. தேங்கிய தண்ணீர் அடிவேரை அழுகவைக்கும், போதாக்குறைக்கு டெங்கு கொசு முட்டையிடும். தட்டுக்குப் பதில் தொட்டிக்கு இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்துங்கள். தண்ணீர் வடியும், கீழே காற்று ஓடும், காங்கிரீட் சூடு நேராகத் தொட்டியில் ஏறாது. வடிகால் நன்றாக இருக்க வேண்டும் என்று தொட்டியின் அடியில் ஜல்லி நிரப்பியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். பலரும் செய்வதுதான், ஆனால் பலன் எதிர்மாறாக இருக்கும். மண்ணிலிருந்து ஜல்லிக்குத் தண்ணீர் சுலபத்தில் இறங்காது, ஜல்லிக்கு மேலே மண்ணிலேயே தேங்கி நிற்கும். ஜல்லி போட்ட உயரத்துக்கு வேருக்கு இடமும் போயிற்று. துளையின் மேல் ஓர் ஓட்டுச் சில்லைக் கவிழ்த்து வைத்தால் போதும்.

துளசிக்கு வருவோம். உங்கள் மாமியாரையும் கூட வைத்துக்கொண்டு இதைப் படியுங்கள்.

எங்கள் வீட்டில் கொல்லையில் துளசி மாடம் இருந்தது. அம்மா தினமும் குளித்துவிட்டு ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிக் கும்பிடுவார். செடி செழிப்பாக இருந்தது. காரணம், அந்த மாடத்துக்கு அடி கிடையாது. மாடத்து மண் நேராகத் தரையோடு சேர்ந்திருக்கும். ஊற்றிய தண்ணீர் பூமிக்குள் இறங்கிவிடும். உங்கள் மாடியில் இருப்பது எட்டு அங்குலத் தொட்டி. அதே ஒரு செம்பு இங்கே போவதற்கு வழியில்லாமல் நிற்கிறது. வழக்கம் சரியானதுதான், பாத்திரம் மாறிவிட்டது. தினசரி பூஜையை நிறுத்தச் சொல்லமாட்டேன். உத்தரணியால் ஒரு துளி தண்ணீர் விட்டுக் கும்பிடுங்கள். வேருக்கான தண்ணீரை விரலைக் கேட்டு ஊற்றுங்கள். மஞ்சள் குங்குமத்தையும் தண்டில் அப்பாமல் தொட்டிக்கு வைக்கலாம்.

இன்னொரு விஷயமும் போட்டோவில் தெரிகிறது. மூன்றாவது துளசி முழுக்கக் கதிர் விட்டிருக்கிறது. துளசி பூத்து விதை கட்டிவிட்டால் வந்த வேலை முடிந்தது என்று தழைவதை நிறுத்திக்கொள்ளும். தண்டு முற்றி, இலை சிறுத்து, மெல்ல மெல்லக் காயும். கதிர் தலைகாட்டும்போதே இரண்டு இலைக்கணு சேர்த்துக் கிள்ளிவிட்டால் பக்கத்தில் இரண்டு கிளை வெடிக்கும், இன்னும் பல மாதம் தழைக்கும். நன்றாக வளர்த்தாலும் துளசி சில வருடச் செடிதான். எங்கள் மாடத்திலும் செடி பட்டுப்போயிருக்கிறது. சுற்றி விழுந்து முளைத்த கன்றை எடுத்து நட்டுக்கொள்வார் அம்மா. அதை யாரும் அபசகுனம் என்று சொன்னதில்லை.

ஆர்.ஓ. தண்ணீர் விஷயம். தண்ணீரை வீணாக்கக் கூடாது என்ற உங்கள் நல்ல எண்ணம்தான் இதில் தெரிகிறது, அதனால் சொல்லத் தயக்கமாக இருக்கிறது. ஆனால் நிறுத்த வேண்டும். அந்த மெஷின் உப்பு குறைந்த தண்ணீரை நமக்கு எடுத்துக் கொடுத்துவிட்டு, பிரித்த உப்பையெல்லாம் மிச்சத் தண்ணீரோடு வெளியே தள்ளுகிறது. போர் தண்ணீரே 1000 டி.டி.எஸ். (தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் அளவு) காட்டும் பகுதி என்றால், வெளியேறும் தண்ணீர் அதற்கும் மேலே இருக்கும். தரையில் நிற்கிற தென்னை மாதிரி மரத்துக்கு ஊற்றலாம், மழை வந்து உப்பைக் கழுவிக்கொண்டு போகும். தொட்டியிலோ தண்ணீர் ஆவியாகும், உப்பு மட்டும் நாளுக்கு நாள் சேரும். உங்கள் மல்லித் தொட்டியின் விளிம்பில் சுண்ணாம்பு பூசினாற்போல் வெள்ளைப் படிவு இருக்கிறது பாருங்கள், அது இந்த உப்புதான். இலை ஓரங்கள் தீப்பட்டது போல் கருகியிருப்பதும் இதனால்தான். அந்தத் தண்ணீரை மாடி கழுவ, கழிவறைக்கு வைத்துக்கொள்ளுங்கள். ஏ.சி.யிலிருந்து சொட்டுகிற தண்ணீர் காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது, அதில் உப்பு கிடையாது. அதைப் பிடித்து ஊற்றுங்கள். நல்ல மழை பெய்கிற நாளில் தொட்டிகளைத் திறந்தவெளிக்கு நகர்த்தி வையுங்கள். தொட்டியின் கொள்ளளவைப் போல் இரண்டு மடங்கு மழைநீர் உள்ளே இறங்கி வெளியேறினால் சேர்ந்த உப்பில் பெரும்பகுதி போய்விடும்.

முட்டை ஓட்டையும் இதோடு சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். முட்டை ஓடு சுண்ணாம்புச் சத்து. உப்பும் கடினத்தன்மையும் உள்ள போர் தண்ணீரில் அது ஏற்கெனவே போதுமான அளவு இருக்கிறது. அதற்கு மேலும் போட்டால் மண்ணின் காரத்தன்மை கூடும். மண்ணில் இரும்புச்சத்து இருந்தாலும் வேரால் எடுக்க முடியாது. உங்கள் மூன்றாவது ரோஜாவில் இளம் இலை மஞ்சளாகவும் நரம்பு மட்டும் பச்சையாகவும் இருப்பது அதன் அடையாளம். அடி இலை ஒன்றிரண்டு பழுத்து விழுந்தால் அது வயசு, விட்டுவிடலாம். கொழுந்து மஞ்சளானால் கவனிக்க வேண்டும். பால் சர்க்கரை கலந்த டீத்தூளைக் கழுவாமல் போட்டால் எறும்பும் பூஞ்சணமும்தான் வரும். காய்கறித் தோலை நேராகத் தொட்டியில் போடவே கூடாது. அது மக்கும்போது சூடு கிளம்பும், மக்கவைக்கிற நுண்ணுயிர்கள் மண்ணில் உள்ள தழைச்சத்தை முதலில் எடுத்துக்கொள்ளும், செடிக்கு ஒன்றும் மிஞ்சாது. மூடியும் ஓட்டையும் உள்ள ஒரு பழைய வாளியில், தோல் ஒரு கை, காய்ந்த சருகு இரண்டு கை என்று மாற்றி மாற்றிப் போட்டு, வாரம் ஒருமுறை கிளறிவிடுங்கள். இரண்டு மூன்று மாதத்தில் கறுப்பாக, மழை பெய்த மண் வாசனையோடு உரமாகிவிடும். அதற்கப்புறம் தாராளமாகப் போடலாம்.

குரோ பேக்கில் முழுக்க முழுக்க கோகோபீட்தான் நிரப்பியிருக்கிறீர்கள். எடை குறைவு என்று கடைக்காரர் சொல்லியிருப்பார், உண்மைதான். ஆனால் தென்னை நார்க்கழிவில் செடிக்கான சத்து கிடையாது. கழுவாத கட்டியாக இருந்தால் உப்பும் இருக்கும். அதைவிட மோசம், அது ஆளை ஏமாற்றும். மேலே காய்ந்து வெளுத்துத் தெரியும், நாலு அங்குலம் கீழே பிழிந்தால் தண்ணீர் சொட்டும். கண்ணால் பார்த்துத் தண்ணீர் ஊற்றுகிறவர்கள் கோகோபீட்டில் தோற்றே தீருவார்கள். அடுத்த முறை செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரமோ மண்புழு உரமோ ஒரு பங்கு, இரண்டு மூன்று தண்ணீரில் அலசிய கோகோபீட் ஒரு பங்கு, பைக்கு ஒரு கைப்பிடி வேப்பம் புண்ணாக்குத் தூள் என்று கலந்துகொள்ளுங்கள். கிடைக்கிற செம்மண் களியாக இருந்தால் தூசி சலித்த மணல் ஒரு பங்கு கூடச் சேருங்கள். பச்சைச் சாணம் மட்டும் வேண்டாம், வேரைச் சுட்டுவிடும்.

மூன்றாவது ரோஜாவுக்கு நோய் எதுவும் இல்லை. அங்கே இப்போது வளர்ந்துகொண்டிருப்பது நீங்கள் வாங்கிய ரோஜாவே இல்லை. ஒட்டு ரோஜாவில் கீழே ஒரு காட்டு ரோஜாவின் வேர், அதன் மேல் நல்ல ரகத்தின் மொட்டு. ஒட்டுக் கட்டிய இடம் அடித்தண்டில் முடிச்சு மாதிரி தடித்துத் தெரியும். அந்த முடிச்சுக்குக் கீழேயிருந்து கிளம்பும் தளிர் காட்டு ரோஜாவுடையது. வேரின் சத்தையெல்லாம் அதுவே இழுத்துக்கொண்டு நெடுநெடுவென்று போகும், மேலே இருக்கிற நல்ல ரகம் பட்டினியில் ஒடுங்கிவிடும். ஏழு இலை இருந்தால் காட்டுச்செடி, ஐந்து இருந்தால் நல்ல செடி என்று சொல்வார்கள். அதை மட்டும் நம்பி வெட்டாதீர்கள், நல்ல ரகத்திலும் ஏழு இலை வருவது உண்டு. மண்ணை லேசாக விலக்கி, அந்தக் கிளை எங்கிருந்து புறப்படுகிறது என்று பாருங்கள். முடிச்சுக்குக் கீழே என்றால் அடியோடு பிய்த்து எடுத்துவிடுங்கள். கத்தரித்தால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி வெடிக்கும். பிறகு மேலே உள்ள பழைய தண்டை நகத்தால் லேசாகச் சுரண்டிப் பாருங்கள். உள்ளே பச்சையாக இருந்தால் உயிர் இருக்கிறது, ஒரு மாதம் பொறுங்கள். பழுப்பாக இருந்தால் அதை விட்டுவிட வேண்டியதுதான்.

தக்காளியில் உங்கள் மேல் எந்தத் தவறும் இல்லை, காலம்தான் தவறு. பகல் வெயில் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் குளிராமல் இருந்தால் தக்காளியின் மகரந்தம் வேலை செய்யாது, பூ காம்போடு உதிரும். அக்னி நட்சத்திரத்தில் சென்னை மொட்டைமாடியில் எப்படிப் பிடிக்கும்? ஆடிப் பட்டம் தேடி விதை என்று சும்மா சொல்லிவைக்கவில்லை. ஆடியில் நாற்றுவிட்டு எடுத்து நட்டால், சூடு தணிந்த மாதங்களில் பூ வந்து பிஞ்சு நிற்கும். பிள்ளைகளுக்கு லீவில் ஏதாவது விதைத்துப் பார்க்க ஆசை என்றால் கோடையில் வெண்டை, கொத்தவரை, தண்டுக்கீரை போடுங்கள். கீரை விதையை மணலோடு கலந்து தூவி, மேலே மண்ணை மூடினோமா இல்லையா என்கிற அளவுக்கு மட்டும் மூடச் சொல்லுங்கள். ஆழத்தில் புதைத்தால் முளை மேலே வராது.

செம்பருத்தியில் இருப்பது மாவுப்பூச்சி. அது வந்தால் பக்கத்தில் எறும்பு சாரை சாரையாக ஏறும், ஏனென்றால் மாவுப்பூச்சி கசிகிற இனிப்புத் தண்ணீர் எறும்புக்குத் தீனி. மாவுப்பூச்சியின் எதிரிகளை எறும்பே விரட்டிவிடும் என்பதால் எறும்புப் பாதையை முதலில் அடைக்க வேண்டும். அதிகம் அப்பிய நுனிகளை வெட்டிப் பையில் கட்டிக் குப்பையில் போடுங்கள். மிச்சத்தைத் தண்ணீர் பீய்ச்சி அடித்துக் கழுவிவிட்டு, ஒரு லிட்டர் தண்ணீருக்கு 5 மி.லி. வேப்பெண்ணெய், அது கரைய சில சொட்டு சோப்புக் கரைசல் சேர்த்து இலையின் அடிப்பக்கம் நனைய அடியுங்கள். வெயில் சாய்ந்த பிறகுதான் அடிக்க வேண்டும், வெயிலில் அடித்தால் எண்ணெய்ப் பசையோடு இலை பொசுங்கிவிடும். வாரம் ஒருமுறை, மூன்று வாரம்.

குண்டுமல்லிக்கு இப்போது ஒன்றும் செய்ய வேண்டாம், உப்புத் தண்ணீரை நிறுத்தினாலே தேறிவிடும். நவம்பர் கடைசி வாரத்தில் மனதைத் திடப்படுத்திக்கொண்டு பாதி உயரத்துக்குக் கவாத்து செய்யுங்கள். மல்லி புதுத் தளிரில்தான் பூக்கும். வெட்டப் பயந்து விட்டவர்கள் வீட்டில் கொடி மட்டும் தான் வளரும்.

கறிவேப்பிலை சின்னக் கன்று. முதல் வருடம் அதில் கைவைக்காதீர்கள், ரசத்துக்குக் கடையில் வாங்கிக்கொள்ளுங்கள். அப்புறம் பறிக்கும்போதும் ஒவ்வொரு ஈர்க்காக அடியிலிருந்து உருவாமல், நுனியைக் கொத்தாகக் கிள்ளுங்கள். அப்போதுதான் பக்கக்கிளை வரும். மோர் ஊற்றலாமா என்று கேட்டிருந்தீர்கள். புளித்த மோரை நிறையத் தண்ணீர் விட்டு நீர்க்கச் செய்து, மாதம் ஒன்றிரண்டு முறை ஊற்றினால் கெடுதல் இல்லை. சாப்பாட்டில் மிஞ்சிய, உப்புப் போட்ட மோரை ஊற்றிவிடாதீர்கள்.

ஆடி பிறக்கும்வரை புதிதாக எதையும் வாங்க வேண்டாம். இருக்கிற செடிகளோடு, தினமும் காலையில் விரல்விட்டுப் பார்க்கிற வேலையை மட்டும் செய்யுங்கள். எந்தத் தொட்டி எத்தனை நாளில் உலர்கிறது என்று காலண்டரில் குறித்துவந்தால் உங்கள் மாடியின் கணக்கு உங்களுக்கே பிடிபட்டுவிடும்.

அந்த மூன்றாவது துளசியைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள். காய்ந்த கதிர்களை உருவி, உள்ளங்கையில் வைத்துக் கசக்கி, மெல்ல ஊதுங்கள். உமி பறந்து, கடுகைவிடப் பொடியான விதைகள் மிஞ்சும். ஒரு சின்னத் தொட்டியில் மண் நிரப்பி, ஈரமாக்கி, அந்த விதைகளை உங்கள் மாமியார் கையால் தூவச் சொல்லுங்கள். மேலே ஒரு சிட்டிகை மண்ணுக்கு மேல் வேண்டாம். முளைக்கும்வரை செம்பு பக்கமே போகாமல், கையால் தண்ணீர் தெளித்தால் போதும். பத்து நாளில் இரண்டிரண்டு இலையோடு தலைகாட்டும்.